சிற்றில் கட்டாத சிறுவன்

கிண்ணியாவுக்கும் அக்கரைக்கும் இடையே பாலம் திறக்கப்பட்டது 2009 ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னர், திருகோணமலைப் பட்டினம் செல்ல வேண்டியவர்கள் ‘பாதை’யில் ஏறியே நீரைக் கடந்தார்கள். வண்டி வாகனங்களையும் மனிதரையும் ஒருங்கே சுமந்து செல்லும் அகன்ற மிதவைக்குப் பாதை என்று பெயர் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கு. அவசரக்காரன் துறையில் நின்று எவ்வளவுதான் கூவினாலும், பாதை வந்த பின்னர்தான் அவன் ஏறமுடியும். கரையில் நிற்பவனை நோக்கிப் பாதை வரவேண்டுமேயன்றி, பாதையை நோக்கி அவன் நீந்திச் செல்வதில்லை.

பெரியவர்கள் பாதையில் போவதைக் கண்ட சிறுவர்களாகிய நாங்கள் வீட்டு முற்றத்திலும் பாதை விட்டோம். காய்ந்த தென்னம்பாளையில் கயிறு கட்டி இழுத்தால் அது பாதை; அதன்மேல் வைத்த கல் பஸ் வண்டி; ஈர்க்குத் துண்டுகள் பயணிகள். வாயினால் இயந்திர ஒலி எழுப்பத் தெரியாத சிறுவன் எங்கள் கூட்டத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இவற்றை எங்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. கண்டதைச் செய்தோம், செய்ததைக் கொண்டு காணாததையும் கற்பித்துக்கொண்டோம். பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அறுபது வயதுவரை நம்பியிருந்தேன். கீழ்வகுப்புகளில் முப்பது ஆண்டு படிப்பித்தவன் என்பதனால் அந்த நம்பிக்கையில் சிறிது செருக்கும் கலந்திருந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் அந்தச் செருக்கைத் தீர்த்துவைத்தான்.

அவன் காலத்தில் தவழ்ந்தான், காலத்தில் நடந்தான். மருத்துவமாது நிறுத்துக் குறித்த புத்தகத்தில் நிறைக் கோடு ஒழுங்காகவே ஏறிச் சென்றது. ஆயினும் ஒன்றரை வயதிலும் அவன் கை தட்டவில்லை. போகிறவர்களுக்குக் கை அசைக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான்; அடுத்த அறையில் மின்விசிறி சுழலத் தொடங்கினால் மட்டும் ஓடிச் செல்வான். வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமல், என் மணிக்கட்டைப் பற்றி அப்பொருள்வரை இழுத்துச் செல்வான். அப்பொழுதும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கை அவனுக்கு ஒரு கருவி. கைக்கு உரியவன் ஒருவன் பின்னால் நிற்கிறான் என்பது அவன் கணக்கில் இல்லை.

அவனுடைய ராத்தா அப்போது நாலு வயதுக்காரி. முற்றத்து மணலைச் சிரட்டையில் அள்ளிச் சோறாக்கி, பூவரசம் இலையில் எங்களுக்கெல்லாம் பரிமாறுவாள். தம்பிக்கும் ஒரு சிரட்டை கொடுத்தாள். அவன் அதைக் கவிழ்த்து, நிலத்தில் பம்பரம்போலச் சுழற்றி, அது ஆடி அடங்கும்வரை பார்த்திருந்தான். பின்னர் மீண்டும் சுழற்றினான். அன்று மாலை முழுவதும் அதுவே அவனுக்கு வேலை.

“வாப்பா, இவன் கூப்பிட்டாலும் திரும்புறான் இல்ல. எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள் மகள்.

“ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும் மகள். நீயும் சுணங்கித்தான் பேசின” என்றேன் நான்.

என் மனைவி ஓதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். தாய் கைத்தொலைபேசியைக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று அயலவர் சிலர் பேசினர். ஒரு பாலர் பாடசாலையார், பேச்சு வந்த பின்னர் கூட்டிவரும்படி சொல்லி அனுப்பிவிட்டனர். இவ்வாறே ஒன்றரை ஆண்டு கழிந்தது. அக்காலம் முழுவதும் கவலைப்பட்டவள் அவள். கவலைப்பட வேண்டாம் என்று சொன்னவன் நான். அவளுடைய கவலைதான் சரியானது. இதனைப் பத்திரிகையில் எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் என்னைப்போன்ற மூத்தாப்பாமார் ஊருக்குப் பலர் இருப்பர் என்பதனால் எழுதுகிறேன்.

பிள்ளைத்தமிழ் சொன்ன செய்தி

முதலில் செவிப்புலனைச் சோதித்தார்கள், அதில் குறையில்லை. பிறகு குழந்தை மனநல வைத்தியர் ஒருவர் அவனை நெடுநேரம் அவதானித்து, இது ஓட்டிசம் என்றார். அவர் எங்களிடம் கேட்டவை எளிய கேள்விகள். பிள்ளை கை தட்டுவானா? நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்வானா? வானத்தில் எதையேனும் கண்டால் உங்களுக்குக் காட்டுவானா? வெறுங்கோப்பையில் தேநீர் குடிப்பதுபோல நடிப்பானா?

வீடு திரும்பும் வழியில், பாலத்தின்மேல் வரும்போது, இக்கேள்விகளை எங்கேயோ முன்னமே கேட்டிருக்கிறேன் என்று தோன்றிற்று. சிறிது நேரத்தில் நினைவு வந்தது. பிள்ளைத்தமிழ்! கடவுளரையும் மன்னரையும் புலவர்கள் பிள்ளையாக்கிப் பாடிய அந்தப் பிரபந்தத்தை நபிகள் நாயகத்தின்மேல் முஸ்லிம் புலவர்களும் பாடியிருக்கிறார்கள். அதன் பத்துப் பருவங்களை எத்தனையோ மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர்.

சப்பாணி என்பது கை கொட்டுதல். தாய் கொட்டக் கண்டு பிள்ளை கொட்டுவது. அதாவது பார்த்துச் செய்தல். அம்புலி என்பது நிலவை விளையாட அழைத்தல். தாய் காட்டும் திசையில் பிள்ளை நோக்க, இருவர் கண்ணும் ஒரு பொருளில் கூடும். ‘இதோ பார்’ என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் இந்தப் பகிர்ந்த நோக்கே பேச்சுக்கு வாயில் என்று இக்கால அறிஞர் கூறுவர். சிற்றில் மணல்வீடு, சிறுதேர் விளையாட்டு வண்டி. இவை பாவனை விளையாட்டுக்கள். மூன்று கால் கொண்ட சிறுதேரைக் குதிரையில்லாமலே சிறுவர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. மணல் வீடாகிறது, மரக்கட்டை தேராகிறது, இல்லாத குதிரை இருப்பதாகிறது.

புலவர்கள் வைத்திய நூல் எழுதவில்லை. ஆயினும் தாய்மார் முற்றத்தில் கண்டதையே அவர்கள் வரிசைப்படுத்தினர். என் பேரன் செங்கீரை ஆடினான். வருகைப் பருவத்தில் நடந்தும் வந்தான். சப்பாணியும் அம்புலியும் சிற்றிலும் சிறுதேரும் அவனிடம் வரவில்லை. பத்துப் பருவங்களையும் ஒப்புவிக்கத் தெரிந்த எனக்கு, எதிரிலிருந்த பிள்ளையிடம் நான்கு பருவங்கள் வராதது தெரியவில்லை!

அறிஞர் கண்டவை

ஓட்டிசம் என்னும் பெயர், கிரேக்க மொழியில் ‘தான்’ என்று பொருள்படும் சொல்லினின்று பிறந்தது. அமெரிக்காவில் பணிபுரிந்த லியோ கன்னர் என்னும் வைத்தியர் 1943 இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் பெரிதும் பேசப்படும் தொடக்கம். அக்குழந்தைகளுள் ஒருவன் சட்டிகளையும் வட்டமான பொருள்களையும் சுழற்றுவதில் பெருவிருப்புடையவனாம். அதைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சிரட்டை என் கண்முன் வந்து சுழன்றது.

தாயின் அன்பு குளிர்ந்துபோனமையே இந்நிலைக்குக் காரணம் என்ற ஒரு கொடிய கொள்கை சில காலம் மேல்நாட்டை ஆண்டது. 1967 இல்கூட புரூனோ பெட்டெல்ஹைம் என்பவர் அக்கொள்கையை நாட்டி நூல் எழுதினார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1964 இல், பேர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது, வளர்ப்பின் குற்றமன்று என்று எழுதியிருந்தார். அவரும் ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. பின்னர் வந்த ஆய்வுகள் ரிம்லண்டின் பக்கமே நின்றன. எங்கள் ஒழுங்கையில் என் மகள்மேல் சாட்டப்பட்ட பழி, உலகம் என்றோ சாட்டிக் கைவிட்ட பழிதான்.

பார்த்துச் செய்யும் திறனைப் பற்றிய ஆராய்ச்சி இதற்குப் பின்னரே செழித்தது. சாதாரணமாக வளரும் குழந்தை ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கை தட்டவும், ஒரு வயதை ஒட்டிக் கையசைக்கவும், ஒன்றரை வயதில் சீப்பை எடுத்துத் தலையில் வைக்கவும் தொடங்குகிறது. இவை வெறும் விளையாட்டல்ல. நீ செய்வதை நானும் செய்கிறேன் என்பது சொல்லில்லாத உரையாடல். பேச்சுக்கு முன்னரே பேச்சின் முறை மாறி மாறி வரும் ஒழுங்கைக் குழந்தை அதில்தான் பயில்கிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் எளிதில் அமைவதில்லை. தொலைக்காட்சியிற் கேட்ட வசனத்தை அச்சுப்போல ஒப்புவிக்கும் பிள்ளையும், எதிரிலிருப்பவர் கை உயர்த்தினால் தானும் உயர்த்தாதிருக்கலாம். பொருளைக் கொண்டு செய்யும் செயலைவிட, வெறுங்கையாற் செய்யும் சைகையைப் பின்பற்றுவது இவர்களுக்குக் கூடுதற் கடினம் என்பதும் ஆய்வாளர் கண்டது.

1992 இல் இங்கிலாந்தில் சைமன் பரன்-கோகன் முதலியோர், 18 மாதக் குழந்தையிடம் பார்க்கவேண்டிய முக்கிய அறிகுறிகளை வகுத்தனர். காட்டுவதற்காக விரல் நீட்டுதல், பிறர் நோக்கும் திசையில் நோக்குதல், பாவனை விளையாட்டு என்பனவே அவை. அம்புலியும் சிற்றிலும் வேறு பெயரில் அங்கே நிற்பதை வாசகர் காணலாம்.

கவிழ்ந்த தேர்

இனி, என் இரண்டாவது பிழையைச் சொல்லவேண்டும்.

ஓட்டிசம் என்று அறிந்ததும் என்னுள் உறங்கிய ஆசிரியன் விழித்துக்கொண்டான். குரும்பையும் ஈர்க்கும் கொண்டு நான் சிறு வயதிற் செய்த தேரை அவனுக்குச் செய்து கொடுத்தேன். அவன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சில்லைச் சுழற்றினான். “தேர் இப்படித்தான் ஓடும்” என்று நிமிர்த்தி வைத்தேன். அவன் கவிழ்த்தான். நான் நிமிர்த்தினேன். மூன்றாம் முறை அவன் வீறிட்டு அழுது, காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். நாள்தோறும் இதுவே பாடம். நாள்தோறும் இதுவே முடிவு. சில நாளில், நான் பக்கத்தில் அமர்ந்தாலே எழுந்து செல்லலானான்.

பேச்சுப் பயிற்சியாளரான ஓர் இளம்பெண் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “ஐயா, அவன் உங்களைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். முதலில் நீங்கள் அவனைப் பார்த்துச் செய்யுங்கள்” என்றார். அவர் சொன்னது அவருடைய சொந்தக் கற்பனையன்று. அமெரிக்காவில் புரூக் இங்கர்சோல் என்னும் ஆய்வாளர் வகுத்த பயிற்சி முறையின் சாரம் அது. அவரும் அவருடைய ஆசிரியை லோரா ஷ்ரைப்மனும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து சிறு குழந்தைகளுக்கு இம்முறையிற் பயிற்சி அளித்தனர். பார்த்துச் செய்யும் பழக்கம் வளர்ந்தபோது, நேரே கற்பிக்கப்படாத பேச்சும் பாவனை விளையாட்டும் பகிர்ந்த நோக்கும்கூட அக்குழந்தைகளிடம் வளர்ந்ததை அவர்கள் கண்டனர்.

முறை எளிது, பொறுமைதான் அரிது. ஒரே வகை விளையாட்டுப் பொருளில் இரண்டு வேண்டும்: ஒன்று பிள்ளைக்கு, ஒன்று நமக்கு. அவன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எதிரே அமரவேண்டும். அவன் தட்டினால் நாமும் தட்டவேண்டும். அவன் சுழற்றினால் நாமும் சுழற்றவேண்டும். அவன் ஒலி எழுப்பினால் அதே ஒலியைத் திருப்பவேண்டும். நடப்பதை ஓரிரு சொல்லிற் சொல்லவேண்டும், சொற்பொழிவு ஆகாது. இடையிடையே, நிமிடத்துக்கு ஒருமுறை அளவில், நாம் ஒரு புதுச் செயலைச் செய்து காட்டிக் காத்திருக்கவேண்டும். இரண்டு மூன்று முறை காட்டியும் அவன் செய்யாவிட்டால் மெல்லக் கைபிடித்துச் செய்வித்து, மகிழ்ந்து பாராட்டி, மீண்டும் அவன் வழிக்கே திரும்பிவிட வேண்டும்.

நான் இரண்டாவது குரும்பைத் தேர் செய்தேன். அவனுக்கு எதிரே நிலத்தில் அமர்ந்தேன். முழங்கால் வலியைப் பற்றி இங்கு எழுதத் தேவையில்லை. அவன் தேரைக் கவிழ்த்தான். நானும் கவிழ்த்தேன். அவன் சில்லைச் சுழற்றினான். நானும் சுழற்றினேன். முப்பது ஆண்டு ‘என்னைப் பார், என்னைப் பார்’ என்று பிள்ளைகளை அதட்டிய வாய் மூடியிருந்தது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவன் கை சில்லின்மேல் நின்றது. என் தேரைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். பின்னர் கைவழியே ஏறி என் முகத்தைப் பார்த்தான். ஒரு கணந்தான். மீண்டும் சுழற்றத் தொடங்கினான். சுழற்றிவிட்டு நிறுத்தி, நான் செய்கிறேனா என்று பார்த்தான்! நான் செய்தேன். அவன் சிரித்தான்.

அக்கரையில் நின்றவனைத் துறையில் நின்று கூவிக்கொண்டிருந்தேன் என்பதும், பாதை அங்கே செல்லவேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

வேறொரு பாடமும் அன்று கிடைத்தது. சுழலும் சில்லை அவன் நோக்கில் நானும் சற்றே நோக்கினேன். அது அழகாகத்தான் இருந்தது. அவனுடைய விளையாட்டு விளையாட்டேயன்று என்று எண்ணியிருந்தேன். அதுவும் விளையாட்டே. நாம் அதில் சேரவில்லை என்பதே குறை. சுழற்றுவதை ஒழித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. அதிலிருந்து வேறொன்றுக்கு வழி உண்டா என்பதே பின்னர் எங்கள் தேட்டமாயிற்று.

கைக்கெட்டும் உதவி

இலங்கையில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று வாசகர் கேட்கலாம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணிபுரிந்தோரும் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 2009 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்குக் கிடைத்தது. சிறிய தொகையிலிருந்து பெற்ற கணக்குத்தான். எனினும் இது மேல்நாட்டு நோய் என்று சொல்லித் தப்ப இனி வழியில்லை. அவ்வாய்விலே, தாய்மாரின் விடையைக்கொண்டு நிரப்பிய வினாத்தாள் அக்குழந்தைகளுட் பெரும்பாலோரைத் தவறவிட்டது என்பதும் கருதத்தக்கது. கேள்வியை மட்டும் கேட்டாற் போதாது. பிள்ளையோடு சிறிது நேரம் விளையாடிப் பார்க்கவேண்டும். அதே பேராசிரியர் குழுவினர், தாயையே பயிற்றுநராக்கி வீட்டிலேயே நடத்தும் பயிற்சியைச் சோதித்து, அதனைப் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட முன்னேறியதை 2016 இல் எழுதினர்.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. அதில் சேர்ந்த பிள்ளைகள் 65 பேர். பயிற்சி நடத்தியவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்றுவிக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாயுடன் அமர்ந்து பார்த்து, எந்த இடத்தில் அவள் பிள்ளையின் வழியே சென்றாள் என்று காட்டுவதே முறை. ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து நடப்பது கூடிற்று; பிள்ளை தானாகத் தொடங்கும் தொடர்பாடலும் கூடிற்று. எல்லா அளவும் உயர்ந்துவிடவில்லை என்பதையும் அவ்வாய்வாளர்கள் மறைக்காது எழுதினர். நிபுணர் தொகை குறைந்த எங்களைப்போன்ற ஊர்களுக்கு இது பெரிய செய்தி. குடும்பநல மருத்துவமாது வீடுதேடி வரும் நாடு இது. அவருடைய பைக்குள் தராசோடு இந்தப் பயிற்சியும் சேருமாயின் எத்தனை தாய்மாரின் ஒன்றரை ஆண்டு மிச்சமாகும்!

அதுவரை நாம் செய்யத்தக்கது உண்டு. ஒன்றரை வயதில் பிள்ளை விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயருக்குத் திரும்பவில்லை, பார்த்துச் செய்யவில்லை, பாவனை விளையாட்டு இல்லை என்று கண்டால், ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லாமல் மருத்துவமாதிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். இவற்றுள் ஒன்று இல்லாமையால் மட்டும் ஓட்டிசம் என்று ஆகாது. கேட்டுத் தெளிவதால் நட்டமுமில்லை. தாய் பயப்படுகிறாள் என்றால் அந்தப் பயத்துக்குச் செவிகொடுங்கள். விளையாட்டுப் பொருளுக்குக் கடை தேட வேண்டியதில்லை. இரண்டு சிரட்டை போதும்.

இது ஒரு வெற்றிக் கதையன்று. என் பேரனுக்கு இப்போது ஆறு வயது. எண்ணிச் சொல்லக்கூடிய சில சொற்களே அவனிடம் உண்டு. சந்தை இரைச்சலில் இன்னும் காதைப் பொத்துகிறான். சில்லைச் சுழற்றுவதும் நிற்கவில்லை, சுழற்றட்டும். ஆனால் கை தட்டுகிறான். நான் கொட்டாவி விட்டால் வேடிக்கைக்காகத் தானும் விடுகிறான்.

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து திரும்பினேன். முற்றத்தில் ராத்தா சமைத்துக்கொண்டிருந்தாள். அவன் தேரை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் ஒரு சிறு கல்லை ஏற்றி, மணலில் மெல்லத் தள்ளி வந்து என் காலடியில் நிறுத்தினான். நான் குனிந்து, “யாரு மகன் ஏறி வந்திருக்காங்க?” என்று கேட்டேன். அவன் விடை சொல்லவில்லை. கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் கல்லைப் பார்த்தான்.

உள்ளே சென்று என்னுடைய தேரை எடுத்துவந்து, அதிலும் ஒரு கல்லை ஏற்றிக்கொண்டு அவன் எதிரே அமர்ந்தேன்.